எந்தப் பக்கம் பார்த்துப் பொங்குவது

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

தம்பி நிரோஷன் பாங்க் வேலையை விட்டுவிட்டு, நோர்வேயின் வடகோடியில் பனிவண்டி இழுக்கும் நாய்களை ஏன் வளர்க்கிறான் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பொங்கலன்று வீடியோவில் சிரித்துக்கொண்டு வந்தான்.

“அக்கா, இங்க கார்த்திகைக்குப் பிறகு சூரியனே வரேல்லை. எந்தப் பக்கம் பாத்துப் பொங்கிறது?”

இங்கே இல்ஃபோர்ட்டில் நான் ஷிப்டுக்கு முதல், குசினியில் அடுப்புச் சுவரைப் பார்த்துத்தான் பொங்கினேன். இத்தனை வருடத்தில் இப்படிக் கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. எங்களில் யாருக்குப் பைத்தியம், அம்மா?

அடுத்த பொங்கலுக்கு ஊரில் விடியும்போது போனை முற்றத்தில் சூரியன் பக்கம் திருப்பி வையுங்கோ. இங்கே அப்போது நடுச்சாமம். பரவாயில்லை, நாங்கள் அதைப் பார்த்தே பொங்குகிறோம்.

பஸ் வந்துவிட்டது.

மகள்
தாரணி