சர்க்கரை மட்டும் வேறு

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இந்த வார 'நேர் சால்' பத்தியை முடித்து, பத்திரிகை ஆசிரியர் ட்ரினாவுக்கு அனுப்பிவிட்டேன். கனடாக்காரர்களின் பால். ஒவ்வொரு பண்ணைக்கும் நீ இவ்வளவுதான் கறக்கலாம் என்று அங்கே அரசாங்கம் பங்கு வைத்துக் கொடுக்கிறது. நம் அமெரிக்க வெண்ணெய் அளவுக்கு மேல் எல்லை தாண்டினால் விலையை விட வரி பெரிது. கடைசியில் கூடுதல் விலை கொடுப்பது வின்னிபெக்கில் பிள்ளைக்குப் பால் வாங்கும் தாய். "போட்டியைக் கண்டு அரசாங்கத்தின் முந்தானைக்குப் பின்னால் ஒளிபவனை விவசாயி என்று சொல்லாதீர்கள், அரசு ஊழியர் என்று சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறேன். எனக்கே பிடித்திருந்தது.

வாஷிங்டனையும் விடவில்லை. நாம் இறக்குமதிக்கு வரி போடுவோம். பதிலுக்குச் சீனாக்காரன் நம் சோயாவை வாங்க மாட்டான். உடனே சோயா விவசாயிக்கு நிவாரணக் காசோலை. காலை ஒடித்துவிட்டு ஊன்றுகோல் கொடுப்பார்கள், அதற்கு நன்றியும் சொல்ல வேண்டும். இதையே அந்தக் கட்சி செய்திருந்தால் சோஷலிசம் என்று கூரை ஏறிக் கத்தியிருப்போம். நம் கட்சி செய்தால் ராஜதந்திரம். த்தூ.

என் மனைவி மாரிட் படித்துவிட்டு, "வெண்டல் பார்த்தா என்ன சொல்வாரு?" என்றாள். பார்க்கட்டுமே.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பார்த்துவிட்டான். வெண்டல் என் பெரியப்பா மகன். மானிட்டோபாவில் நூற்றிருபது மாடு வைத்திருக்கிறான், எல்லையிலிருந்து ஒரு மணி நேரம். போனில் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். சிரித்தான்.

"என்ன ஆர்விட், நான் அரசு ஊழியனா? அப்ப பென்ஷன் எப்ப வரும்?"

"வரியால வேலி கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறவனை வேற என்னன்னு சொல்றது?"

"பால் கதை வேறப்பா. அதை விடு. உன் மச்சான் டெல்மர் நிலத்துல என்ன போடுறாரு?"

"பீட் கிழங்கு."

"அதுலேருந்து என்ன எடுக்கிறீங்க?"

சர்க்கரைதான். அதைச் சொல்லாமல் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"மெக்சிகோக்காரன் இவ்வளவு சர்க்கரைதான் அனுப்பலாம், பிரேசில்காரன் இவ்வளவுதான்னு அளவு போட்டது யாரு, எங்க ஒட்டாவா அரசாங்கமா? இருபது வருஷமா உன் பத்தியைப் படிக்கிறேன். ஒரு தடவைகூட சர்க்கரையைத் தொட்டதில்லையே. ஏன், டாக்டர் வேணாம்னுட்டாரா?"

போனை வைத்த பிறகும் அவன் சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை. கோட்டாவில் மாடு வளர்ப்பவன் எனக்குப் பாடம் சொல்கிறான். எரிச்சலாக வருகிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

கீழறையில் பழைய பத்திகளின் பெட்டிகளை இறக்கினேன். அவன் சொன்னது பொய் என்று காட்டினால் போதும். மதியத்துக்குள் எட்டு வருடம் படித்தேன். நலத்திட்ட உதவி வாங்குபவர்கள், மாணவர் கடன் தள்ளுபடி, எத்தனால், காற்றாலைக்கு மானியம், கார் கம்பெனிகளைத் தூக்கி நிறுத்தியது — ஒருவரையும் விட்டு வைக்கவில்லை. சர்க்கரை ஒரே ஒரு இடத்தில் வருகிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் மாரிட்டின் ருபார்ப் பை, அந்தப் புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்துச் சுடும் இனிப்பு, அதன் செய்முறை கொடுத்திருக்கிறேன். ஒன்றரைக் கோப்பை.

ஆகஸ்ட் 20, புதன்

இருபத்திரண்டு வருடமும் பார்த்து முடித்தேன். இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்கு டெல்மர் வந்திருந்தார். மாரிட்டின் அண்ணன், எழுபதை நெருங்குகிறார், இன்னும் தொள்ளாயிரம் ஏக்கர். பீட் நன்றாகத் திரண்டிருக்கிறதாம். இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷை மூன்றாம் முறை போட்டுக்கொண்டே சொன்னார்: "நாலாம் நம்பர் லாரிக்குப் புது சீட்டு போட்டுட்டேன் ஆர்விட். போன வருஷம் முழுக்க முதுகு முதுகுன்னு அழுதியே."

அக்டோபர் முதல் தேதி அறுவடை தொடங்கும். பத்துப் பன்னிரண்டு நாள் இந்தப் பள்ளத்தாக்கில் வேறு எந்த வேலையும் நடக்காது. வங்கி மேலாளரும் லாரி ஓட்டுவார், பாதிரியாரும் ஓட்டுவார். முப்பத்தொரு வருடமாக நாலாம் நம்பர் என்னுடையது. தானியக் கிடங்கு மேலாளராக இருந்தபோதும் அதற்காகவே விடுப்பு எடுப்பேன். ஓய்வு பெற்ற பிறகு, நான் வேண்டப்படுகிற பத்து நாள் அதுதான். இதை வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன்.

சர்க்கரையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று இருந்த எனக்கு, அவர் முகத்தைப் பார்த்துச் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எழுதிவிட்டேன். "சர்க்கரையில் நாம் எல்லோரும் கனடாக்காரர்கள்." இறக்குமதிக்கு அளவு, அதைத் தாண்டினால் வரி. மிட்டாய்க் கம்பெனிகள் எல்லைக்கு அப்பால் போனதற்கு அதுவும் ஒரு காரணம். நாட்டில் காபி குடிக்கும் ஒவ்வொருவனும் நமக்குத் தெரியாமல் ஒரு கரண்டி கப்பம் கட்டுகிறான். மற்றவன் கை நீட்டினால் பிச்சை, நாம் நீட்டினால் பாரம்பரியமா? கடைசியில், "என் வீட்டுச் சமையலறையும் அந்த வேலிக்குள்தான் இருக்கிறது" என்று எழுதினேன். சர்க்கரை ஆலைக் கூட்டுறவில் பீட் பயிரிட உரிமை தரும் பங்குகளை மாமனார் மாரிட்டுக்கு விட்டுப்போனார், அவற்றின் குத்தகைப் பணத்தில்தான் அந்தச் சமையலறையைக் கட்டினோம். சொல்லாமல் விட்டால் முழுப் பொய்.

மாரிட் அந்த வரியில் நின்றாள்.

"எங்கப்பாவைப் பிச்சைக்காரர்னு எழுதியிருக்க."

"நம்மளைத்தான் எழுதியிருக்கேன்."

"நம்மளைன்னா நீ சம்பாதிச்சதை எழுது. கல்லு பொறுக்கி, குளிர்ல விரல் போய் அவர் சேர்த்ததை எழுதாதே. இதை அனுப்பாதே ஆர்விட்."

அனுப்பினேன்.

செப்டம்பர் 4, வியாழன்

வந்துவிட்டது. ட்ரினா ஒரு காற்புள்ளியைக்கூட வெட்டவில்லை. "பின்பக்கச் சர்க்கரை ஆலை விளம்பரம் போகும். போகட்டும். உங்களை நான் நிறுத்த மாட்டேன்" என்றாள். முப்பத்தைந்து வயதுப் பெண். எனக்கு அந்த வயதில் அந்தத் தைரியம் இருந்ததா?

செப்டம்பர் 5, வெள்ளி

பெட்ரோல் பங்கை ஒட்டிய காபிக் கடையின் வட்ட மேசை. காலை ஆறரைக்கு எட்டுப் பேர். யார் காபிக்குக் காசு கொடுப்பது என்று தோல் குவளையில் பகடை குலுக்குவோம். இன்று குவளை என் இடப்பக்கம் வந்தது, பிறகு என் மூக்குக்கு முன்னால் தாண்டி வலப்பக்கம் போனது. யாரும் திட்டவில்லை. மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் காபிக்கு நானே காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

நேற்றைய இதழில் எனக்கு மறுப்பு. எழுதியது யார் என்று பார்த்தால் — லோவலும் பெவர்லியும், சேர்ந்து! லோவல் எங்கள் கட்சியின் மாவட்டத் தலைவர், பெவர்லி அந்தக் கட்சியின் தலைவி. பள்ளிக்கூட வாரியச் சண்டைக்குப் பிறகு ஒன்பது வருடமாக இருவரும் பேசியதில்லை. மளிகைக் கடையில் ஒருவர் வந்தால் மற்றவர் அடுத்த வரிசைக்கு நகர்வார். இப்போது ஒரே தாளில் இரண்டு கையெழுத்து. "கட்சி வேறுபாடுகளைக் கடந்து ஒன்று சொல்ல விரும்புகிறோம்: சர்க்கரை வேறு."

நாடு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, எப்படி ஒட்ட வைப்பது என்று தொலைக்காட்சியில் இரவும் பகலும் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். என்னிடம் கேட்கலாம். ஒருவன் தட்டில் கை வையுங்கள், எல்லோரும் ஒன்றாகிவிடுவார்கள்.

இந்த லோவலோடுதான் போன வசந்தத்தில் கட்சித் தீர்மானம் எழுதினேன். "அரசு வணிகத்தில் தலையிடலாகாது." அடுத்த தீர்மானமே பீட் விவசாயிக்கு ஆதரவு. இரண்டுக்கும் கை தூக்கினேன். லோவலை மட்டும் திட்டி என்ன பயன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தேவாலயத்துக்கு வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில், டெல்மர்.

"என் தங்கச்சி வீட்டு மேசையில என் எதிர்ல உக்காந்திருந்தியே, அப்பவே மனசுல எழுதிக்கிட்டிருந்தியா?"

"டெல்மர், வெண்டலுக்கு நான் சொன்னதைத்தான் —"

"வெண்டல் எனக்கு யாரு? பிரேசில்ல அரசாங்கமே கரும்புக்குக் கொட்டிக் கொடுக்குது. ஊர்ல எல்லாரும் சட்டை போட்டிருக்காங்க, நான் மட்டும் அவுத்துட்டு நிக்கணுமா? நீ மாசச் சம்பளத்துல இருந்தவன். ஆலங்கட்டி விழுந்தா உன் சம்பளம் குறைஞ்சுதா? பனி முந்திக்கிட்டா உனக்குத் தூக்கம் போச்சா? தலைவலி தனக்கு வந்தாத்தான் தெரியும்."

பதில் இருந்தது என்னிடம். நூறு பத்திகளில் எழுதிய பதில். எல்லோரும் அவிழ்த்தால் யாருக்கும் வெட்கமில்லை, யாராவது முதலில் அவிழ்க்க வேண்டும் — அப்படி எதையோ. ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது.

"நாலாம் நம்பரை லோவல் மருமகனுக்குச் சொல்லிட்டேன்" என்றார். போய்விட்டார்.

அந்தப் பயலா! கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவன்.

செப்டம்பர் 17, புதன்

மாரிட் பேசுகிறாள். "உப்பு", "கதவைச் சாத்து", "உன் மாத்திரை." அவ்வளவுதான்.

செப்டம்பர் 20, சனி

எனக்கு வந்த பாராட்டுக் கடிதங்கள் மொத்தம் இரண்டு. ஒன்று சிகாகோவிலிருந்து, மிட்டாய் செய்பவர்களின் சங்கம். தாராளமாகப் புகழ்ந்துவிட்டு, அவர்களுக்காக இன்னும் நாலு பத்தி எழுத முடியுமா, ஊதியம் உண்டு என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் கொள்கை ஒன்றும் இல்லை. மலிவான சர்க்கரை வேண்டும், அவ்வளவே. இன்னொன்று மினியாபொலிஸ் பேராசிரியர் ஒருவர். பீட் விவசாயிகள் முட்டாள்கள் என்று நான் நிரூபித்துவிட்டேனாம். நான் எங்கே அப்படி எழுதினேன்? இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

திட்டுகிறவர்கள் என்னைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள், பாராட்டுகிறவர்கள் புரிந்துகொள்ளவில்லை. வேடிக்கைதான்.

மதியம் டெல்மர் நிலத்தின் பக்கமாக வண்டியை விட்டேன், வழி அதுவே இல்லை என்றாலும். கொட்டகை வாசலில் நாலாம் நம்பர் நின்றது, கழுவி. நிறுத்தாமல் வந்துவிட்டேன். அறுபத்தாறு வயதில் ஒரு லாரியைப் பார்க்க இப்படிச் சுற்றி வருவானா ஒரு மனிதன்? சுதந்திரச் சந்தை, நேர் சால், மண்ணாங்கட்டி.

செப்டம்பர் 22, திங்கள்

டெல்மர் வந்தார். உள்ளே வரவில்லை, வண்டியிலிருந்து இறங்கவும் இல்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"அந்தப் பையன் ஒத்திகைக்கே வேலியை இடிச்சுட்டான்."

"கேள்விப்பட்டேன்."

"மன்னிப்பெல்லாம் கேக்கச் சொல்லல ஆர்விட். ரெண்டு வரி. சர்க்கரை வேறன்னு ரெண்டு வரி எழுது. நான் பங்குதாரர் கூட்டத்துல தலை நிமிந்து உக்காரணும்ல?"

"நான் நம்பறதில்லையே, அதை எப்படி எழுத?"

"நீ நம்பாததை இதுக்கு முன்னாடி எழுதினதே இல்லையா? இருபத்திரண்டு வருஷம் சும்மா இருந்தியே, அது என்ன?"

இந்தக் கேள்வியை வாஷிங்டனில் ஒருவனும் இவ்வளவு சுத்தமாகக் கேட்டதில்லை. சமையலறை ஜன்னலில் மாரிட் நின்றிருந்தாள். கை துடைக்கிற துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

ட்ரினாவுக்கு அனுப்பினேன். அவள் உடனே போன் செய்தாள். "யாராவது மிரட்டினாங்களா? சொல்லுங்க, அதையே முதல் பக்கத்துல போடுறேன்." யாரும் மிரட்டவில்லை என்றேன். உண்மைதான். பிறகு, "சரி, எத்தனை வார்த்தைன்னு பார்த்து இடம் விடுறேன்" என்றாள்.

டெல்மர் இரண்டு வரிதான் கேட்டார். நான் ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். நன்றாக வந்திருந்தது, அதுதான் அசிங்கம். உணவுப் பாதுகாப்பு, குடும்ப விவசாயம், பிரேசில். மனத்தடை எதுவும் இல்லாமல் ஒரு மணி நேரத்தில் ஓடியது.

செப்டம்பர் 25, வியாழன்

இதழ் வந்தது. மாரிட் ருபார்ப் பை செய்தாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

குவளை என்னிடம் வந்தது. குலுக்கினேன், தோற்றேன், எட்டுப் பேருக்கும் காசு கொடுத்தேன். லோவல் முதுகில் தட்டினார்.

அக்டோபர் 2, வியாழன்

கிழங்கு கொட்டும் இடத்தில், நாலாம் நம்பரில் உட்கார்ந்து, வரிசையில் காத்துக்கொண்டே எழுதுகிறேன். முன்னால் பதினான்கு லாரி. நேற்று ஒன்பது நடை, இன்று இது ஆறாவது. வெயில் ஏறினால் குவியல் அழுகிவிடும் என்று நிறுத்திவிடுவார்கள், ஏறாமல் இருந்தால் மாலைக்குள் இன்னும் நாலு போகலாம். புது சீட்டு முதுகுக்கு இதமாக இருக்கிறது. எதிரே வருகிற எல்லோரும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குகிறார்கள். நானும் தூக்குகிறேன். பெவர்லிகூடத் தூக்கினாள், அண்ணன் மகனின் லாரியில் போகிறாள்.

வரிசையில் நிற்கும்போதே வெண்டல் கூப்பிட்டான். சிரிப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். சிரிக்கவில்லை.

"படிச்சேன்ப்பா. நல்லா எழுதியிருக்க. அதுல சர்க்கரைன்னு இருக்கற இடத்துல எல்லாம் பால்னு போட்டு எங்க சங்கப் பத்திரிகைக்குக் கொடுக்கலாம்னு இருக்கேன். உனக்கு ஆட்சேபணை இல்லையே?"

"இல்லை" என்றேன்.

"பதிமூணாம் தேதி இங்க நன்றியறிதல் விருந்து. மாரிட்டையும் கூட்டிக்கிட்டு வா. இனிமே நம்ம ரெண்டு பேரும் ஒரே கட்சி."

(பிறகு) கொட்டி முடித்தாயிற்று. இயந்திரம் கிழங்கை உதறி மலையாகக் குவிக்கும். உதிர்ந்த மண்ணை இங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதே லாரியிலேயே திருப்பிக் கொட்டி அனுப்புவார்கள், எந்த நிலத்து மண்ணோ அந்த நிலத்துக்கு. முப்பத்தொரு வருடமாகப் பார்ப்பதுதான். மேடையிலிருந்த பெண் கையை ஆட்டி, "நாலாம் நம்பர்! உங்க மண்ணு மிச்சம் இருக்கு, வாங்கிக்கிட்டுப் போங்க!" என்று கத்தினாள். வண்டியைப் பின்னால் எடுத்து, இயந்திரத்தின் வாய்க்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினேன். தலைக்குப் பின்னால் மண் தடதடவென்று விழுந்தது.

ட்ரினா செய்தி அனுப்பியிருக்கிறாள், அடுத்த வாரம் எதைப் பற்றி என்று. கனடாக்காரர்களின் முட்டை என்று பதில் போட்டேன்.