நம் வீட்டுப் பச்சைப் புள்ளி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம்.

நேற்று ஆபீஸ் கம்ப்யூட்டர் அறையில் தண்ணீர் புகுந்துவிட்டது. பயப்படாதீர்கள். ஆஸ்பத்திரி ஸ்கேன் படங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஊழியர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டிகளிலும் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வீடும் என் திரையில் ஒரு பச்சைப் புள்ளி. அவசரமாகத் தேவைப்பட்ட ஒரு ஸ்கேனுக்கு, நம் வீட்டுத் துண்டைத் தவிர எல்லாம் வந்துவிட்டன. நம் புள்ளி மட்டும் அணைந்து கிடந்தது. போன் அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன், நீங்கள் எடுக்கவில்லை.

“ஆபரேஷனுக்கு டாக்டர் காத்துக்கிட்டிருக்காரு, உங்கப்பா எங்கய்யா?” என்று மேனேஜர் கத்தினார்.

திடீரென்று புள்ளி எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் மறுபடி உங்களுக்குத்தான் போன் அடித்தேன். மிக்ஸி போடத்தான் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன் என்று சாவகாசமாகச் சொன்னீர்கள்!

மிக்ஸிக்கு வேறு பிளக் போட்டுக்கொள்ளுங்கள். மேனேஜர் கூப்பிடுகிறார். ஸ்கேனுக்காக மட்டும் சொல்லவில்லை அப்பா. வேலைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தப் புள்ளியைத்தான்.

உங்கள் மகன்