புயலைப் படிக்கட்டுக்கு அனுப்பிய பாட்டு

மார்ச் 4

டாக்டர் இன்று கேமரா விட்டுத் தொண்டையைப் பார்த்தார். தைராய்டு ஆபரேஷன் காயம் ஆறிவிட்டதாம். "பேசறதுக்கு ஒரு குறையும் இல்லம்மா. மேல் ஸ்தாயி மட்டும் திரும்ப வராது. அந்த நரம்பு போனது போனதுதான்" என்றார், ஏதோ பஸ் போய்விட்டதைச் சொல்வது போல.

எங்கள் ராக் குழுவில் என் வேலையே மேல் ஸ்தாயியில் கத்துவதுதான். தம்பி கிட்டார், கணக்கு டீச்சர் பேஸ் கிட்டார், புயல் என்று நாங்கள் கூப்பிடுகிற பையன் டிரம்ஸ். மூன்று பேரும் போடுகிற சத்தத்துக்கு மேலே ஏறி நிற்கத்தான் நான். அடுத்த மாதம் மூன்றாவது ஆல்பம் பதிய வேண்டும். இனி நான் எதற்கு? டீ போட்டுக் கொடுக்கவா?

மார்ச் 7

"வேற பாடகியைப் பாருங்கடா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். கிட்டாருக்குத் தந்தி மாற்றிக்கொண்டே "சரிக்கா" என்றான்.

சரியாம்! பெரிய மனசு பண்ணி ஒருத்தி சொன்னால் ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று சொல்லக் கூடாதா? வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன்.

மார்ச் 9

தந்தி மாற்றும்போது அவன் தலையில் இடியே விழுந்தாலும் "சரிக்கா" என்றுதான் சொல்வான். இது தெரிந்தும் அழுதேன் பாருங்கள். இன்று ஒத்திகைக்குப் போனால், எல்லாப் பாட்டையும் என் குரலுக்கு இறக்கி வைத்திருக்கிறான். "வேற பாடகியா? எவன் சொன்னான்?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தான்.

மார்ச் 18

சுருதியை இறக்கியும் பயனில்லை. நான்கு பேரும் ஒரே அறையில் நின்று ஒன்றாகப் பதிவதுதான் எங்கள் வழக்கம், எங்கள் திமிர் என்றும் சொல்லலாம். தனித்தனியாகப் பதிந்து ஒட்டுவதெல்லாம் தையல்காரர் வேலை என்பான் புயல். அவன் அடிக்கிற அடி முழுக்க என் மைக்கில் வந்து விழுகிறது. உள்ளே என் குரல் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

எல்லோருக்கும் தெரிகிறது. யாரும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 2

ஸ்டூடியோவில் முதல் நாள். அரை மணி நேரம் முட்டி மோதிய பிறகு புயல் குச்சிகளைக் கீழே வைத்தான். "நான் வெளிய போறேன்."

என்னால் இவன் குழுவை விட்டே போகிறானா? அவனோ டிரம்ஸை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் வெளியே படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்தான். ஹெட்போன் ஒயரைக் கதவிடுக்கு வழியாக இழுத்துக்கொண்டான். "இங்கேருந்து அடிச்சா அக்கா மைக்குல விழாதுல்ல?"

எங்கள் முகம் தெரிகிற இடத்தில் உட்காராவிட்டால் வாசிக்கவே வராத ஆள் அவன். யாரும் கேட்கவில்லை. அவனாகப் போனான்.

ஏப்ரல் 3

புதிய பாட்டு. தம்பி கிட்டாரில் தொடங்கினான். இரண்டாவது வரியில் டிரம்ஸ் வர வேண்டும், வரவில்லை. டிரம்ஸுக்காகக் காத்திருந்த டீச்சரும் பேஸைத் தொடவில்லை. தம்பி என்னைப் பார்த்தான். நிறுத்த எனக்கு மனசு வரவில்லை, பாடினேன். ஏறி நிற்க வேண்டிய சத்தமே இல்லை. மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. கரகரவென்று, தாழ்வாக, ஆனால் ஒரு சொல் விடாமல் — இப்படி ஒரு குரல் என்னிடம் இருக்கிறதா? பாட்டு முடியும் தறுவாயில்தான் படிக்கட்டிலிருந்து டிரம்ஸ் மெல்ல வந்து சேர்ந்தது.

கதவைத் திறந்தால் புயல் அசடு வழிய நிற்கிறான். "ஒயரை நானே மிதிச்சுப் பிடுங்கிட்டேன் போலக்கா. ஒண்ணுமே கேக்கல, இன்னும் ஆரம்பிக்கலன்னு உக்காந்திருந்தேன். அப்புறம் கதவிடுக்குல உங்க குரல் கேட்டுச்சு. அதை அமுக்கிடக் கூடாதுன்னு மெதுவா அடிச்சேன்."

"அழிச்சிட்டு இன்னொரு தடவை போகலாமா?" என்றார் ஒலிப்பதிவாளர்.

"அதை அழிச்சீங்க, உங்களைக் கொன்னுடுவேன்" என்றார் டீச்சர். பிள்ளைகளிடம்கூட அதட்டிப் பேசாதவர்!

ஏப்ரல் 4

இன்று புயல் நேராகப் படிக்கட்டுக்குப் போய்விட்டான். தம்பியும் பாதிப் பாட்டில் வாசிக்காமல் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 20

ஆல்பம் முடிந்தது. பழைய ரசிகர்கள் திட்டட்டும். மூன்று சத்தக்காரர்கள் எனக்காக வாயை மூடிக்கொண்டார்கள், அதுவும் தியாகம் கியாகம் என்று ஒரு வார்த்தை பேசாமல். இவர்களுக்கு நான் என்ன செய்யப் போகிறேன்?

ஜூன் 14

ஆல்பம் வெளியாகி இரண்டு நாள். அம்மா வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டப் போகும்போது உள்ளே எங்கள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கூடவே அம்மா தம்பியைக் காய்ச்சுகிற சத்தம்.

"யாருடா இந்தப் பொண்ணு?"

"ஏம்மா, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் பாடுறா, மனசைப் பிசையுது. ஆனா என் பொண்ணு இடத்துல இவளை எப்படிடா நிக்க வச்ச? தொண்டை போச்சுன்னா கூடப் பொறந்தவளையே கழட்டி விட்டுடுவியா?"

"அம்மா, அது வந்து..."

"பேசாத. அவ வந்தா அவ மூஞ்சியில எப்படி முழிப்ப?"

நான் தட்டவில்லை. எனக்காக அம்மா போடுகிற சண்டையை இன்னும் கொஞ்சம் கேட்டேன். பிறகு உள்ளே போய், "அது நான்தாம்மா" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள், ஸ்பீக்கரைப் பார்த்தாள். தம்பி முதுகில் ஓர் அடி வைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"முதல்லேருந்து போடுடா."