நாக்கில் வைத்த இழை

17.11.1988, வியாழன். அரூர்.

பாப்பிரெட்டிப்பட்டி ரோட்டில் பழைய டெலிபோன் கேபிளை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழைக் கேபிள் போடுகிறோம். இழை தலைமுடி கனம்தான். ஊர்ப் பேச்சு மொத்தமும், டி.வி. படமும்கூட, அதற்குள் வெளிச்சமாய்ப் போகுமாம்.

செம்புக் கம்பியை நாக்கில் வைத்துப் பார்ப்பது என் இருபது வருடப் பழக்கம். சுருக்கென்றால் லைனில் உயிர் இருக்கிறது. இன்று மத்தியானம் அதே நினைப்பில் இழையையும் நாக்கில் வைத்துவிட்டேன். சுருக்கென்று இல்லை. எடுத்துப் பார்த்தால் நுனியைக் காணோம்.

மெட்ராஸிலிருந்து வந்திருக்கும் இன்ஜினியருக்கு முகம் வெளுத்துவிட்டது. "முழுங்கிட்டீங்களா?"

"தெரியலீங்க சார். வலியே இல்லீங்க."

"வலிக்காது. உள்ள போறதே தெரியாது."

வீட்டில் சரசு டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தாள். "ஒண்ணுங் காணோம், படுங்க" என்றாள். விளக்கை அணைத்துப் படுத்தோம். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, கொட்டாவி மட்டும் வந்தது. அவள் புரண்டு படுத்து, பாதிக் கண்ணைத் திறந்து கேட்டாள்.

"வாய்க்குள்ளார டார்ச்ச வெச்சிக்கிட்டு என்னாங்க பண்றீங்க?"

டார்ச் அவள் தலையணைக்கு அடியில் இருந்தது.

எழுந்துவந்து விளக்கைப் போட்டு எழுதுகிறேன். அப்போது மூடிய வாயை இன்னும் திறக்கவில்லை.