மழைக்கு முன் பறித்த தக்காளி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் அங்கே எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவதுதான் என் வழக்கம், இந்தத் தடவை அந்த ஒரு வரியிலேயே பேனா நின்றுவிட்டது. பயப்படாதே, உன் அப்பா உயிருக்கு ஒன்றும் இல்லை, எனக்கும் கால் கட்டைப் பிரித்தாகிவிட்டது, குச்சி ஊன்றிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிறேன். நேற்று போனில், என் கடிதம் வந்து சேரும்வரை பிள்ளையை ஒரு வார்த்தை திட்டாதே, பிடுங்கி வைத்த கலர் பென்சிலை அவனிடம் கொடுத்துவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஏன் எதற்கு என்று நீ கத்தியது காதில் விழுந்தது. நீயோ போனைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு பேசுகிறவள், அவனோ உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், எப்படிச் சொல்வேன். கேட்டதிலிருந்து இன்றுவரை அதிர்ச்சி போகவில்லை, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எல்லாம் தக்காளியில் ஆரம்பித்தது. பின்பக்கம் மதிலோரமாக நான் வைத்த செடிகள் பூவிட ஆரம்பித்த சமயத்தில்தானே குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டேன். நம் வீட்டில் மரமும் ஆணியும் உன் அப்பா இலாகா, மண்ணும் செடியும் என் இலாகா, ஒருத்தர் இலாகாவில் ஒருத்தர் கை வைத்தது கிடையாது. வேறு வழியில்லாமல் அவர் தோட்டத்தில் இறங்கினார், நான் ஜன்னலோரம் கட்டிலைப் போடச் சொல்லி அங்கிருந்தபடியே அதிகாரம் பண்ணினேன். வேரடியில் தண்ணீர் விடுங்கள், இலைமேல் தெளிக்காதீர்கள், இலைக்கும் தண்டுக்கும் இடுக்கில் முளைக்கிற துளிரை அன்றன்றே கிள்ளிவிடுங்கள், விட்டால் செடி காடாகிக் காய்க்காது, கீழ் இலைகளைக் கழித்துவிட்டால்தான் காய்க்கு வெயில் படும், இப்படி நாள் முழுக்க ஒரே சத்தம். மனிதர் ஒன்றுக்கும் முகம் சுளிக்கவில்லை. தச்சர் கை இல்லையா, அவர் நட்ட குச்சி ஒன்றுகூடச் சாயவில்லை, பழைய துணியைக் கிழித்து அவர் கட்டிய கட்டைப் பார்த்தால் செடிக்கே கூச்சம் வந்திருக்கும், அத்தனை நறுவிசு. காய்களும் கொத்துக்கொத்தாக வந்தன. பழுக்க ஆரம்பித்ததும் சிவந்ததை மட்டும் பறியுங்கள், பச்சையைத் தொடாதீர்கள் என்றேன். கொஞ்சம்தான் கொண்டுவருவார், கொண்டுவந்ததெல்லாம் அருமையான பழம்தான், ஆனால் அதற்கு அவர் எடுத்துக்கொள்கிற நேரம் இருக்கிறதே. ஒவ்வொரு காயையும் தாங்கிப் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்ப்பார், விடுவார், அடுத்ததற்குப் போவார். என்ன, தக்காளியோடு பேச்சுவார்த்தை நடக்கிறதா என்று ஜன்னலிலிருந்து கேலி பண்ணுவேன்.

அப்புறம்தான் அந்த மழை. மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது, ரேடியோவிலும் பெரிய மழை என்றார்கள். காய்ந்த மண்ணில் திடீரென்று அவ்வளவு தண்ணீர் இறங்கினால் பழுத்த பழமெல்லாம் தோல் வெடித்து நாசமாகிவிடும் என்று நான் பதறி, சீக்கிரம் போங்க, சிவந்ததையெல்லாம் மழைக்கு முன்னாடி பறிச்சுடுங்க, நின்னு யோசிக்காதீங்க என்று விரட்டினேன். கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தூறல் விழும்போது நிறைந்த கூடையோடு வந்து கட்டிலருகில் வைத்தார். எட்டிப் பார்த்தவள் அப்படியே உறைந்துபோனேன் மகளே. கூடை நிறையக் கல்லு மாதிரிப் பச்சைக் காய், நடுநடுவே நாலைந்து பழம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் செடியில் ரத்தச் சிவப்பாகப் பழங்கள் அப்படியே தொங்குகின்றன, மழை பிடித்துக்கொண்டது, இனி என் கண்ணெதிரே ஒவ்வொன்றாக வெடிக்கப்போகின்றன. ஏங்க, என்னங்க இது என்று கேட்டேன். கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எல்லாம் பறிச்சாச்சே என்றார். அவர் விளையாடவில்லை.

எனக்கு உடனே உன் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது. கடைசி காலத்தில் செருப்பை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினாரே, பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்டாரே, அதுவும் இப்படித்தான் சின்னச் சின்னதாக ஆரம்பித்தது. ஒரே ரத்தம், இவருக்கும் வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். அவரிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் துருவித் துருவிப் பரீட்சை வைத்தேன். நம் கல்யாணம் என்ன கிழமை, நம் மகளுடைய பழைய வாத்தியார் வீடு எந்தத் தெரு, கடைசியாக யார் வீட்டுக்கு அலமாரி செய்தீர்கள், கதவு எத்தனை அடி என்று போகிற போக்கில் கேட்டுக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொல்லிவிட்டு, உனக்குக் கால்ல அடிபட்டுச்சா தலையில அடிபட்டுச்சா என்று என்னையே திருப்பிக் கேட்டார். கேள்விக்கெல்லாம் சரியாகச் சொல்கிற மனிதர் தக்காளியில் மட்டும் எப்படித் தப்புவார் என்று மண்டை காய்ந்தது எனக்கு. உன்னிடம் சொல்லக்கூட வாய் வரவில்லை, அதனால்தான் அந்த வாரம் போனில் சுரத்தே இல்லாமல் பேசினேன்.

மழை விட்டு வெயில் வந்த காலையில், பக்கத்து வீட்டு நர்ஸம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நானே தோட்டத்துக்குப் போய்விட்டேன். அவர் வெடித்த பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அளவில் ஒன்றாக இருந்த ஒரு பழத்தையும் ஒரு பச்சைக் காயையும் பறித்து இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, இதுல எது பழம், தொடாம சொல்லுங்க என்றேன். அவர் என் கையைப் பார்க்கவே இல்லை, நேராக என் முகத்தைப் பார்த்தார். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இது என்று காயைக் காட்டினார். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். என் முகம் மாறினதைப் பார்த்துவிட்டுத்தான் அவருக்கே பாவமாகிவிட்டது போல. ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது, ஒண்ணு கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான், எனக்கு எப்பவுமே அப்படித்தான் என்றார். பழுத்திருந்தால் லேசாகத் தூக்கினதும் காம்புக் கணுவில் கழன்று வந்துவிடுமாம், காயாக இருந்தால் பிடிவாதம் பிடிக்குமாம், இவ்வளவு நாளும் அதை வைத்துத்தான் பறித்தாராம். அன்றைக்கு மழைக்கு அவசரப்படுத்தினேன் இல்லையா, தூக்கிப் பார்க்க நேரமில்லாமல் கைக்கு வந்ததை முறித்துப் போட்டிருக்கிறார்.

பெரியப்பா வியாதி இல்லை என்று மனதுக்குள் ஒரு பக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் கோபம் தலைக்கேறிவிட்டது. இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறோம், எனக்குத் தெரியாது பார். யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக வருகிறது. சட்டை எடுக்கப் போனால் நீயே பாரு, நீ சொன்னா சரிதான் என்பாரே, மனைவி பேச்சைக் கேட்கிற மனிதர் என்று கடைக்காரர்களிடம் எவ்வளவு பெருமையடித்திருக்கிறேன். என்ன மரவேலை செய்தாலும் பெயின்ட் அடிக்கிறது என் வேலை இல்லை என்று அடுத்தவரிடம் தள்ளிவிடுவாரே. ஸ்கூட்டரில் போகிறோமே, சிக்னலில் என்ன பண்ணுவீர்கள் என்று கேட்டேன். மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சா போ, இதுக்குக் கலர் எதுக்கு என்கிறார். இந்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் கையில் உன்னையும் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன் பார். இன்னொன்று கேள். கல்யாணமான புதிதில் கிடைத்த மின்சார வேலையை ஒரு மாதத்தில் உதறிவிட்டு உளியைத் தூக்கினாரே, அந்தக் கதை உனக்கும் தெரியும், உன் தாய்மாமன் இன்றுவரை குத்திக் காட்டுகிற கதை. ஒயரெல்லாம் எனக்கு ஒண்ணாத்தான் தெரிஞ்சுது, மாத்திக் கொடுத்தா கம்பத்து மேல நிக்கறவன் செத்துப்போவான், அதான் வந்துட்டேன் என்று, செடியில் கட்டுத் துணியைச் சரிபண்ணிக்கொண்டே சொன்னார். அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றால், கேட்டா சிரிப்பாங்க, சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல சிரிச்சாங்க என்றார்.

நர்ஸம்மா விடவில்லை, தன் ஆஸ்பத்திரிக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள், நானும் போனேன். புள்ளி புள்ளியாக ஒரு வட்டம், உள்ளே எட்டு என்று பளிச்சென்று இருக்கிறது, எனக்குக் கண்ணாடியே தேவைப்படவில்லை. இவர் இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, வெறும் புள்ளிதானே இருக்கு என்றார். அடுத்த வட்டம், அதற்கடுத்த வட்டம், எல்லாம் வெறும் புள்ளி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த டாக்டர் சின்ன வயதுப் பெண்தான், பொறுமையாகச் சொன்னாள். இது வியாதி இல்லையாம், பிறவியிலேயே வருவதாம், சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாதாம், கூடவும் கூடாது குறையவும் குறையாது, ஞாபகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றாள். அப்பாடா என்று எழுந்திருக்கப் போனேன். அப்போதுதான் அவள், உங்களுக்கு மகள் இருக்காங்களா, மகளுக்குப் பையன் இருக்கானா என்று கேட்டாள். மகளுக்கு எல்லா நிறமும் நன்றாகத்தான் தெரியுமாம், ஆனால் அப்பாவிடமிருந்து இது அவள் வழியாக அவள் பிள்ளைக்குப் போகலாமாம், இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டாம். எழுந்தவள் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். என்னம்மா தண்ணி வேணுமா என்று டாக்டர் கேட்கிறாள், எனக்கு நம் ஃபிரிட்ஜ் கதவுதான் கண் முன்னால் நிற்கிறது.

ஆமாம், நீ அனுப்பி நான் அந்தக் கதவில் ஒட்டி வைத்தேனே, அந்தப் படம்தான். போன லீவுக்கு வந்தபோது பார்த்த பாட்டி தோட்டம் என்று அவன் வரைந்தது, இலையெல்லாம் காய்ந்த மண் நிறம், தக்காளியெல்லாம் பாசிப் பச்சை. கூடவே நீ எழுதியிருந்தாய், வகுப்பில் வேண்டுமென்றே குறும்பு பண்ணுகிறான் என்று டீச்சர் சொல்கிறார், எத்தனை தடவை திருத்தினாலும் அதையேதான் செய்கிறான், கவனம் வராவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வைப்பார்களாம், நான் பென்சிலைப் பிடுங்கி வைத்துவிட்டேன், சரியாகப் போட்டுக் காட்டும்வரை சாயங்காலம் விளையாட்டு கிடையாது என்று. படத்தைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்கு உன் அப்பா சொன்னதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை, ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அது திரும்பக் கேட்டது. பய நேர்ல பாத்த மாதிரியே போட்டிருக்கான், நம்ம தோட்டம் அப்படியே இருக்கு என்று சொன்னார். நான் அதைக் கிண்டல் என்று நினைத்தேன்.

கண்ணு, எல்லா வேலையையும் விட்டுவிட்டு முதலில் அவனைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போ, புள்ளி வட்டம் என்று சொன்னால் அவர்களுக்கே தெரியும். டாக்டர் சொல்வதை எழுதி வாங்கி டீச்சரிடம் கொடு, மாப்பிள்ளையையும் கூட வரச் சொல். ஒருவேளை அவனுக்கு இது இல்லை என்று வந்தால் என்னை நன்றாகத் திட்டிக்கொள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். இருக்கிறது என்று வந்தாலும் நீ அழுது அவனைப் பயமுறுத்தாதே, அவன் முன்னால் குறை என்கிற பேச்சே வேண்டாம். அது எப்படி என் கண்ணில் படாமல் போயிற்று என்று நீ உருகிக்கொண்டு உட்காராதே, பக்கத்திலேயே படுத்துத் தூங்கின எனக்கே தெரியவில்லை. இனி யார் சிரித்தாலும் உடனே வந்து உன்னிடம் சொல்கிற பிள்ளையாக அவன் இருந்தால் போதும்.

விஷயம் கேட்ட நாளிலிருந்து உன் அப்பா பட்டறையை விட்டு வெளியே வரவில்லை. பேரனுக்கு ஒரு பென்சில் பெட்டி செய்கிறார், ஒவ்வொரு பென்சிலுக்கும் தனித்தனிப் பள்ளம், பள்ளத்துக்கு முன்னால் அதன் நிறத்தின் பேர் உளியால் செதுக்கியிருக்கிறது. சிக்னல் மாதிரிதான், இடம் தெரிஞ்சா போதும், யாரையும் கேக்க வேண்டாம் என்கிறார். நேற்று ஒரு கட்டுப் பென்சிலைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டி, எது எதுன்னு சொல்லு, ஒழுங்கா வைக்கணும் என்றார். இத்தனை வருஷத்தில் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்காமல் வாய்விட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை. அன்றைக்குப் பறித்த பச்சைக் காய்களைச் செய்தித்தாளில் சுற்றி ஒரு வாழைப்பழத்தோடு அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன், பாதி பழுத்தாகிவிட்டது. இன்றைக்குக் காலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டி, இது ஆச்சா என்கிறார். ஆச்சு, இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். உன் இருமலுக்கு வெந்நீர் குடி, மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். பெட்டி அடுத்த வாரம் தபாலில் வரும், அதுவரை காத்திருக்காமல் இன்றைக்கே அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்று மட்டும் சொல்லிவிடு. அந்தப் படத்தில் தப்பே இல்லை, தாத்தாவுக்கும் தோட்டம் அப்படித்தான் தெரிகிறது என்று சொல்லு.

இப்படிக்கு,
உங்கள் எல்லார் நினைவாகவே இருக்கும்
அம்மா