ஆயுத பூஜைக்கு அணைச்ச கம்ப்யூட்டர்

அன்பு மகன் கபிலனுக்கு அம்மா எழுதுறது. இங்க சிங்கப்பூர்ல நான், உங்கப்பா, உன் தங்கச்சி ரக்ஷனா மூணு பேரும் நல்லா இருக்கோம். நீயும் பெர்த்துல ஒழுங்கா சாப்பிட்டு நல்லா இருக்கணும், இல்லன்னா ஃப்ளைட் புடிச்சு வந்து உதைப்பேன். போன்ல சொன்னா நீ பாதில குறுக்க பேசுவ, அதான் பேப்பர்ல எழுதி, நாளைக்கு அங்க வர்ற கமலம் அக்கா மககிட்ட முறுக்கோட குடுத்து விடுறேன்.

நம்ம தையக்கடை கம்ப்யூட்டர் செத்துப்போச்சுன்னு ரக்ஷனா உங்கிட்ட சொல்லியிருக்கா, நீ உடனே இந்த செமஸ்டருக்கு லீவு எழுதிக் குடுத்துட்டு தீபாவளிக்கு முன்ன வந்து எல்லாத்தயும் சரி பண்றேன்னு நிக்கிற. வராத. நடந்தத நானே சொல்றேன் கேளு. ஆயுத பூஜைக்கு தையல் மெஷின், கத்திரி, அயர்ன் பாக்ஸ் எல்லாத்துக்கும் ஓய்வு குடுத்து பொட்டு வச்சப்போ, இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுன்னு கம்ப்யூட்டரையும் அணைச்சு சந்தனம் குங்குமம் வச்சேன். பழசு, அணைச்சா எந்திரிக்காதுன்னு நீ சொல்லியிருக்க, தெரியும், ஆரம்பிக்காத. மறுநாள் மெஷினெல்லாம் ஓடுச்சு, அது மட்டும் கறுப்பாவே கெடந்துச்சு. நம்ம கட்டிங் மாஸ்டர் அஹ்சன் பாய் வந்து பாத்துட்டு, மத்ததெல்லாம் பூஜை முடிஞ்சு எந்திரிச்சிருச்சு, இது சாமி கூடவே போயிருச்சு போல தாரணின்னு சொல்றாரு. கஸ்டமருங்க ப்ளவுஸ் அளவு பூரா அதுக்குள்ள, தீபாவளி ஆர்டர் மலையா குமிஞ்சு கெடக்குது, இவருக்கு ஜோக்கு.

காப்பி எடுத்து வச்ச தம்ப் டிரைவ் இருக்கேன்னு அளவெல்லாம் ஏத்தி வச்சிருந்த சாஃப்ட்வேரோட கம்பெனிக்கு போன் போட்டேன். அந்த சாஃப்ட்வேருக்கு சப்போர்ட் நிறுத்தியாச்சு, உங்க காப்பி அதுல மட்டும்தான் தொறக்கும், புதுசுல மாசச் சந்தா கட்டுங்க, பழச ஏத்தித் தர்றோம்ன்றான். சரிப்பா, நாளைக்கு உன் புதுசயும் நிறுத்திட்டா என் கஸ்டமர் அளவ சாதா எக்செல்ல எடுத்துத் தருவியான்னு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பாஸ்கிட்ட கேட்டுச் சொல்றேன்னு போனவன் போனவன்தான். ஒரு தடவ மாட்டுனது போதும் லா. நீ வந்து அந்த டிரைவ நோண்டி என்னத்த எடுக்கப் போற.

அதனால பழசு போனா போகட்டும்னு முடிவு பண்ணி, எல்லாரும் வந்து புதுசா அளவு குடுங்கன்னு வாட்ஸப்ல போட்டுட்டேன். கடையே சந்தையாயிருச்சு. கமலம் அக்கா ஆங் மோ கியோல இருந்து பஸ் ஏறி வந்து, உங்கிட்டதான் என் அளவு இருக்கே, மறுபடி எதுக்குன்னு சண்ட. டேப்ப போட்டேன், கை சுத்தளவு ஏறியிருக்கு. நாலஞ்சு வருஷத்துக்கு முந்துன அளவுல தச்சிருந்தா யாருக்குடா கை ஏறும். பாதிப் பேருக்கு அளவு மாறியிருக்கு, இத்தன நாளா நாமதான் தச்சுக் குடுத்துட்டு அப்புறம் பிரிச்சு விட்டுக்கிட்டு இருந்தோம். இப்ப எல்லாம் ரக்ஷனா லேப்டாப்ல சாதா எக்செல்ல இருக்கு, ஒரு காப்பி நம்ம மார்சிலிங் வீட்டுல. தீபாவளி முடியட்டும், வேற சாஃப்ட்வேர் பாப்பேன், உள்ள போறதுக்கு முன்ன வெளிய வர்ற வழி எதுன்னு கேட்டுட்டுத்தான் காசு குடுப்பேன். அந்தப் பழைய பெட்டிய ரிப்பேர் பண்றேன்னு எவனாவது நெட்டுல மாட்ட வந்தா கைய ஒடிப்பேன், வைரஸ் நுழையிற ஓட்டய அடைக்க அதுக்கு இனிமே ஆளில்ல.

நான் பாலிடெக்ல பாதில எந்திரிச்சு வந்தவ. எனக்குப் புடிக்கல, வந்தேன், இன்னிக்கும் அதுக்கு வருத்தப்படல. ஆனா நீ புடிச்சுப் படிக்கிற. எனக்காகன்னு நீ விட்டுட்டு வந்தா அது நீ எடுத்த முடிவு இல்ல, எங்கழுத்துல கட்டுற கல்லு. உங்கப்பா புள்ள வரட்டுமே, பாத்து நாளாச்சேன்றாரு. பாசம்தான், எனக்கு மட்டும் இல்லயா. பரீட்ச முடிச்சிட்டு வா, ஏர்போர்ட்டுக்கே வர்றேன்.

வீரமாகாளி உன் கூடவே இருப்பா, நல்லா இரு, மேல மேல வா. முறுக்க தனியா தின்னாத, ரூம்ல இருக்குற பசங்களுக்கும் குடு. செமஸ்டர் லீவ வாபஸ் வாங்கிட்டேன்னு மெசேஜ் போடு. அது வர்ற வரைக்கும் நீ எத்தன தடவ கூப்பிட்டாலும் போன எடுக்க மாட்டேன்.

உன் அம்மா,
தாரணி
தேக்கா, கடையில இருந்து