வளையத்தைத் திருப்பச் சொன்னவள்

தூத்துக்குடி
9 செப்டம்பர் 1946

கொழும்பிலிருக்கும் அன்பு மகன் எஸ்றாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சோறு தண்ணிக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீ உடம்புக்கு ஒன்றும் வராமல் கடை வேலை பார்க்க நாள் தவறாமல் ஜெபிக்கிறேன். சாயர்புரம் சித்திக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. எழுத்து கோணலாய் இருக்கிறதே என்று பார்க்காதே, எப்போதும் நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி ஜெபகனிதான் எழுதுவாள், இதை அவளுக்குத் தெரியாமல் நானே எழுதுகிறேன்.

உன் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. கவனமில்லாமல் வேலை செய்து கண்ணைக் கெடுத்துக்கொண்டாள், இனி அவள் அந்தத் தையல் மிஷினைத் தொடக் கூடாது, விற்றுப்போடுங்கள் என்று நீ எழுதியிருந்ததை ஒரு சொல் விடாமல் அவளே எனக்கு வாசித்தாள். முடித்துவிட்டு, அண்ணன் சொல்லுததும் சரிதானம்மா என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்தது இதுதான். மிஷினில் பூவேலை செய்ய, துணியை அழுத்துகிற பாதத்தைக் கழற்றிவிட வேண்டும், அடியில் துணியைத் தள்ளுகிற பல்லை மூடிவிட வேண்டும், பிறகு துணியை வளையத்தில் இறுக்கி இரண்டு கையாலும் நகர்த்தி நகர்த்தி ஊசிக்குக் கொடுக்க வேண்டும். துணி அடியில் தகட்டோடு படியும்படி, தையல் டீச்சரம்மா சொல்லிக் கொடுத்த மாதிரியே அவள் வளையத்தை மாட்டியிருந்தாள். நான் முப்பது வருஷம் கையால் பூத்தையல் போட்டவள், எனக்குத் தெரிந்ததெல்லாம் துணி மேலே, வளையம் அடியிலே. ஏளா, வளையத்தக் கவுத்தி மாட்டியிருக்கியே, திருப்பிப் போடு என்றேன். மிஷினுக்கு இப்படித்தாம்மா என்றாள். நேத்துப் பொறந்தவ எனக்குச் சொல்லித் தாரியா என்று கத்தினேன். மறுபேச்சில்லாமல் திருப்பி மாட்டினாள். துணி தகட்டில் படியாமல் அந்தரத்தில் நின்றது, நாலு மிதி மிதித்திருப்பாள், ஊசி முறிந்து தெறித்து வலது கண்ணில் பாய்ந்தது.

டாக்டர் கேட்டபோது தன் கவனக்குறைவு என்றுதான் சொன்னாள். உனக்கும் அப்படியே எழுதினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணுக்கு இனி வெளிச்சம் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். விதி என்று சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை எஸ்றா, என் வாய்க்கொழுப்புதான் பிள்ளையின் கண்ணை எடுத்தது.

மிஷினை நான் விற்க மாட்டேன், நீ கோபித்தாலும் சரி. அவள் பேருக்கு ஒரு கடிதம் போடு, அம்மா எல்லாம் எழுதிவிட்டாள், உன்மேல் தப்பில்லை என்று எழுது, அதையும் அவள் எனக்கு உரக்க வாசிக்கட்டும். போன வாரம் அவளாகவே மிஷினைத் திறந்து உட்கார்ந்தாள். ஊசிக்கண் தெரியவில்லையென்று நூல் கோர்க்க என்னைக் கூப்பிட்டாள். வளையத்தை மாட்டிவிட்டு மிதிக்காமல் என் முகத்தையே பார்த்தாள், சரியாம்மா என்று கேட்டாள். இன்னமும் என்னைத்தான் கேட்கிறாள்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு. பூவேலைக்கான மெல்லிய ஊசி இங்கே கிடைக்கவில்லை, அடுத்த தோணியில் வருகிறவர்களிடம் இரண்டு பாக்கெட் மறக்காமல் கொடுத்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
செல்லக்கனி